வடிகட்டியில் நிற்பது

பக்கத்து வீட்டுத் தம்பி காலை 7 மணிக்குக் கதவைத் தட்டினான். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த முகம். "டாக்டரம்மா, அம்மாவுக்குப் பிளாஸ்மா மாத்தணும்னு சொல்றாங்க. கையெழுத்துக் கேக்குறாங்க. ரத்தத்தை எல்லாம் வெளிய எடுத்துருவாங்களா?" என்றான். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தேன். சிறுநீரகப் பிரிவில் 30 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இதே கேள்வியை வார்டில் எத்தனையோ பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். அடுத்த கட்டிலுக்குப் போகிற அவசரத்தில், நின்ற வாக்கிலேயே பாதிப் பதில் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறேன். அன்று அவனுக்கு 9 மணி வரை நேரம் இருந்தது. எனக்கு நாள் முழுக்க இருந்தது.

"முதல்ல நோய் என்னன்னு பார்ப்போம். மெஷினை அப்புறம் பேசலாம்" என்றேன்.

அவன் அம்மாவுக்கு வயது 58. நான்கு மாதமாக மூக்கடைப்பு; சிந்தினால் ரத்தம் கலந்த பொருக்கு. சைனஸ் என்று மருந்து சாப்பிட்டார். பிறகு இருமல், சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைப்பு, எக்ஸ்ரேயில் நுரையீரலில் நிழல். நம் ஊரில் இத்தனையும் சேர்ந்து வந்தால் டிபிதான் முதலில் நினைவுக்கு வரும். அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், இங்கே டிபிதான் அதிகம். சளியில் கிருமி தெரியவில்லை; ஆனாலும் டிபி மாத்திரை தொடங்கினார்கள். ஆறாவது வாரம் சிறுநீர் நுரைத்தது, கால் வீங்கியது. சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறுகிற கிரியாட்டினின் என்ற கழிவு 1.4 இருந்தது, பத்தே நாளில் 4.2. அதற்குப் பிறகுதான் ஒருவர் ஆன்கா டெஸ்ட் எழுதினார்.

இந்தத் தாமதத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வயிறு எரியும். மூக்கும் நுரையீரலும் சேர்ந்து கெட்டிருக்கிற ஒருவருக்குச் சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனை செய்து, அதில் ரத்த அணுவும் புரதமும் போகிறதா என்று பார்த்திருந்தால் சந்தேகம் அப்போதே வந்திருக்கும். எந்தச் சின்ன லேபிலும் செய்கிற பரிசோதனை அது.

அவன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். 'ஜிபிஏ, பிஆர்3 ஆன்கா பாசிட்டிவ்' என்று இருந்தது. பழைய புத்தகங்களில் இதற்கு வெகெனர் நோய் என்று பெயர். வெகெனர் ஒரு ஜெர்மானிய மருத்துவர். அவர் நாஜிக் கட்சியில் இருந்தவர் என்று தெரியவந்த பிறகு, 2011இல் மருத்துவச் சங்கங்கள் அந்தப் பெயரைக் கைவிட்டன. ரத்தக்குழாய்களில் வரும் அழற்சி நோய்களில் இது ஒன்று. பொதுவாக வாஸ்குலைட்டிஸ் என்போம்.

"குழாய்ல அடைப்பா?"

"அடைப்பு இல்ல. குழாயோட சுவரே வெந்து போகுது."

கிருமியைக் கொல்ல நம் ரத்தத்தில் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணு உண்டு. அதன் வயிற்றுக்குள் கிருமியை அரிக்கிற புரதங்களைச் சிறுசிறு பைகளில் கட்டிவைத்திருக்கும். பிஆர்3 அப்படி ஒரு புரதம், எம்பிஓ இன்னொன்று. வெளியிலிருந்து வரும் கிருமிக்கு எதிராக ஆன்டிபாடி செய்யவேண்டிய உடம்பு, இந்த நோயில் தன் நியூட்ரோபிலில் இருக்கும் இந்தச் சரக்குக்கு எதிராகவே செய்துவிடுகிறது. அந்த ஆன்டிபாடிக்குத்தான் ஆன்கா என்று பெயர். 1982இல் ஆஸ்திரேலியாவில் சில சிறுநீரக நோயாளிகளின் ரத்தத்தில் முதலில் கண்டார்கள். 1985இல் இந்த நோயோடு அதற்குள்ள தொடர்பு தெரிந்தது. ஆன்கா போய் ஒட்டியதும் நியூட்ரோபில் உசுப்பேறி, ரத்தக்குழாயின் உட்சுவரில் நின்றபடியே பையை அவிழ்த்துக் கொட்டிவிடும். பெரிய குழாய் தாங்கிக்கொள்ளும். மயிரிழையைவிட மெல்லிய குழாய்கள் கிழிந்துபோகும். அப்படிப்பட்ட மெல்லிய குழாய்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கிற இடங்கள் நுரையீரலும் சிறுநீரகமும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் குழாய் முடிச்சுகள் ரத்தத்தை வடிக்கின்றன. இந்த நோயில் பயாப்ஸி எடுத்துப் பார்த்தால் முடிச்சைச் சுற்றி அணுக்கள் பிறைநிலா போலக் குவிந்திருக்கும். இளம் பிறை என்றால் மருந்துக்குக் கரையும். தழும்பாக இறுகிவிட்டால் எதற்கும் கரையாது. "இதை நினைப்புல வச்சுக்கோ" என்றேன்.

டீ கொதித்துவிட்டது. வடிகட்டியைப் பாத்திரத்தின் மேல் பிடித்து ஊற்றினேன். அவன் கேள்விக்குப் பதில் என் கையிலேயே இருந்தது.

"இங்க பாரு. கீழ இறங்குறதைக் குடிக்கிறோம், மேல நிக்கிற சக்கையைக் கொட்டுறோம். அங்க இது தலைகீழ். வடிகட்டியில நிக்கிறதுதான் அம்மாவுக்குத் திரும்பப் போகும். கீழ இறங்குறதைத்தான் கொட்டுவாங்க."

ரத்தத்தில் பாதிக்குச் சற்று அதிகம் பிளாஸ்மா. வெளிர் மஞ்சள் திரவம். மீதி அணுக்கள். ஆன்கா மிதப்பது பிளாஸ்மாவில். கழுத்திலோ தொடை இடுக்கிலோ உள்ள பெரிய சிரையில் தடித்த குழாய் ஒன்று போடுவார்கள். அதன் வழியாக ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மெஷினுக்கு வரும். சில மெஷின் தயிர் கடைவதுபோலச் சுழற்றிப் பிரிக்கும்; சில மெஷினில் நுண்துளை உள்ள நார்க்குழல் கட்டு வடிகட்டும். சிவப்பணுவும் வெள்ளையணுவும் தட்டணுவும் உடம்புக்குத் திரும்பும். பிளாஸ்மா ஒரு பையில் சேரும். எந்த நேரத்திலும் வெளியே இருப்பது மொத்த ரத்தத்தில் சிறு பங்குதான். "எல்லா ரத்தத்தையும் எடுத்துருவாங்களோன்னு பயப்படாத."

"டயாலிசிஸும் வேணுமாம். அதுவும் இதுவும் ஒண்ணு இல்லையா?"

ஒன்று இல்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான். அதே மாதிரிக் குழாய், அதே மாதிரிப் பெட்டி. டயாலிசிஸ் வடிகட்டியின் துளை மிகமிகச் சின்னது. யூரியா, கிரியாட்டினின், உப்பு, தண்ணீர் மட்டும் நுழையும்; புரதம் நுழையாது. ஆன்டிபாடியும் ஒரு புரதம் என்பதால் எத்தனை மணி நேரம் டயாலிசிஸ் செய்தாலும் ஆன்கா உள்ளேயேதான் இருக்கும். பிளாஸ்மா வடிகட்டியின் துளை பெரிது. புரதங்கள் எல்லாமே இறங்கிவிடும், அணுக்கள் மட்டும் நிற்கும். இரண்டு கருவிக்கும் தாய்வீடு ஒன்றுதான் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஏபலும் தோழர்களும் 1913இல் நாய்களின் ரத்தத்தை நுண்குழல்களில் ஓடவிட்டுக் கழிவைப் பிரித்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க அட்டைப்பூச்சியிலிருந்து எடுத்த சாறு. மறுவருஷம் அதே ஆய்வகத்தில் நாயின் ரத்தத்தை எடுத்து, பிளாஸ்மாவை நீக்கி, அணுக்களைத் திருப்பிச் செலுத்தினார்கள். பிளாஸ்மாபெரிசிஸ் என்ற பெயரும் அவர்கள் வைத்ததே. பின்னால், ரத்தப் புற்றுநோய் வந்த மகனுக்காக ஐபிஎம் நிறுவனப் பொறியாளர் ஜார்ஜ் ஜட்சன், அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து, ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரத்தை 1960களில் உருவாக்கினார்.

எவ்வளவு பிளாஸ்மா எடுப்பார்கள்? எடையில் கிலோவுக்கு 60 மில்லி என்பது பெரிய ஆய்வுகளில் கையாண்ட கணக்கு. அவன் அம்மா 55 கிலோ. 3.3 லிட்டர். அவர் உடம்பிலுள்ள மொத்தப் பிளாஸ்மாவே சுமார் இரண்டேகால் லிட்டர்தான் என்றதும் அவன் கண் விரிந்தது. "இருக்குறதைவிட அதிகமா எப்படி எடுப்பாங்க?"

துணிக்கு நீலம் போட்ட வாளியை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். அடியில் ஓட்டை போட்டு நீலத் தண்ணீரை வெளியே விடுகிறோம். மேலே அதே வேகத்தில் நல்ல தண்ணீர் ஊற்றுகிறோம். ஊற்றுகிற நல்ல தண்ணீரும் நீலத்தோடு கலந்து வெளியே போகிறது. அதனால் ஒரு வாளி அளவு வெளியேறிய பிறகும் நீலம் முழுக்கப் போயிருக்காது. 100இல் 63 பங்குதான் போயிருக்கும். ஒன்றரை வாளி ஓடினால் 78 பங்கு. அதற்கு மேல் ஓடவிட ஓடவிட லாபம் குறைந்துகொண்டே போகும். அதனால்தான் ஒரே நாளில் பத்து லிட்டர் மாற்றுவதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த வகை ஆன்டிபாடியில் பாதிதான் ரத்தத்துக்குள் இருக்கும். மறுபாதி தசை, தோல் என்று திசுக்களின் ஈரத்தில் ஊறிக் கிடக்கும். ரத்தத்தில் குறைந்ததும் அது மெல்லக் கசிந்து உள்ளே வரும். ஒருநாள் விட்டு மறுபடி மாற்றவேண்டியிருப்பது அதனால்தான். இரண்டு வாரத்தில் 7 தடவை என்பது வழக்கமான திட்டம்.

"அப்போ 7 தடவை முடிஞ்சா சரியாயிடுமா?"

இந்தக் கேள்விக்குத்தான் அவனை உட்காரவைத்தேன் என்று சொல்லலாம். நீலம் வாளிக்குள் சொட்டிக்கொண்டே இருக்கிறதே! சொட்டுகிற இடம் நோய் எதிர்ப்பு அணுக்கள். அவற்றை அடக்காமல் வாளியை மட்டும் கழுவினால் சில வாரத்தில் பழைய நிறம் வந்துவிடும். அடக்குவது மருந்து: ஸ்டீராய்டு, அதோடு சைக்ளோபாஸ்பமைடு அல்லது ரிட்டுக்சிமேப். இந்த நோயில் உயிர் காப்பது அவைதான். 1958இல் வெளியான ஒரு கணக்கின்படி, மருந்தில்லாத அந்தக் காலத்தில் நோயாளி சராசரியாக 5 மாதம்தான் இருந்தார். சைக்ளோபாஸ்பமைடு வந்து அதை மாற்றியது. கோவிட் காலத்தில் தொலைக்காட்சியில் தினமும் பார்த்தோமே அந்தோணி ஃபவுச்சி, அவர் இளம் மருத்துவராக இருந்தபோது சகாக்களோடு செய்த வேலை அது. 1983இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் 85 நோயாளிகளில் 93 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. பிளாஸ்மா மாற்றுவது, அந்த மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை சிறுநீரகத்துக்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கித் தருவது. "அவகாசம், அவ்வளவுதான்" என்று இரண்டு தடவை சொன்னேன்.

அவன் டீயைத் தொடவில்லை. "அந்த அவகாசத்தால நிஜமாவே பலன் உண்டா?"

உண்மையைச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. எனக்கே இது நீண்ட கதை.

1970களின் நடுவில் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் லாக்வுட், பீட்டர்ஸ் குழுவினர் குட்பாஸ்சர் என்ற நோய்க்கு இந்த முறையைக் கையாண்டார்கள். அதில் ஆன்டிபாடி நேராகச் சிறுநீரக முடிச்சின் சவ்வையே தாக்கும். எடுத்தவுடன் பலன் தெரிந்தது. இன்றைக்கும் அந்த நோய்க்குப் பிளாஸ்மா மாற்றம் கட்டாயம். அதே வெற்றியை ஆன்கா நோய்க்கும் நீட்டினோம். விஷம் ரத்தத்தில் இருக்கிறது, எடுத்துவிட்டால் நல்லதுதானே? நானும் அப்படித்தான் நம்பினேன். 2007இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று வந்தது. கிரியாட்டினின் ஏறக்குறைய 6ஐத் தொட்ட, அல்லது தாண்டிய 137 பேர். மூன்று மாத முடிவில், பிளாஸ்மா மாற்றியவர்களில் 69 சதவீதம் பேர் டயாலிசிஸ் இல்லாமல் உயிரோடு இருந்தார்கள்; அதற்குப் பதில் அதிக ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 49 சதவீதம். அதைப் படித்த வாரம் வார்டில் எனக்குத் தனித் தெம்பு. சில வருஷம் கழித்து அதே நோயாளிகளைப் பின்தொடர்ந்து பார்த்தபோது அந்த வித்தியாசம் மங்கியிருந்தது.

பிறகு 2020இல் வந்தது பெக்ஸிவாஸ் என்ற ஆய்வு. 16 நாடுகள், 704 நோயாளிகள். அபூர்வ நோயில் இத்தனை பேரைச் சேர்த்ததே பெரும் சாதனை. பாதிப் பேருக்கு 7 தடவை பிளாஸ்மா மாற்றம், பாதிப் பேருக்கு இல்லை. மருந்து இரு சாராருக்கும் உண்டு. இறந்தவர்களும் சிறுநீரகத்தை முழுதாக இழந்தவர்களுமாகச் சேர்த்து, மாற்றிய 352 பேரில் 100. மாற்றாத 352 பேரில் 109. அந்த இரண்டு எண்ணையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாற்றியதால் தப்பினார்கள் என்று நான் நினைத்திருந்தவர்களில் எத்தனை பேர் மருந்தாலேயே தப்பியிருப்பார்கள்! நகையை வைத்து, பிளாஸ்மாவுக்கு ஈடாக ஏற்றும் ஆல்புமின் பாட்டில் வாங்கிவந்த முகங்கள் நினைவுக்கு வந்தன. அவர்களில் எல்லோருக்கும் அது தேவைப்பட்டிருக்காது.

அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. ஸ்டீராய்டு மாத்திரையை வேகமாகக் குறைத்தவர்களுக்கு நோய்க் கட்டுப்பாட்டில் குறை ஒன்றும் இல்லை; கடுமையான தொற்று மட்டும் குறைவு. என்னைக் கேட்டால் அந்த ஆய்வின் பெரிய பரிசு இதுதான்.

"அப்போ வேண்டாம்னு சொல்லிறலாமா?" என்று எழுந்தே விட்டான். கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

இல்லை. கதை அங்கே முடியவில்லை. பெக்ஸிவாஸையும் பழைய ஆய்வுகளையும் சேர்த்து, 9 ஆய்வுகள், 1060 நோயாளிகள் என்று 2022இல் கூட்டிப் பார்த்தார்கள். பிளாஸ்மா மாற்றத்தால் உயிரிழப்பு குறையவில்லை. ஆனால் முதல் ஒரு வருஷத்தில் சிறுநீரகம் முழுதாகப் போவது குறைந்தது. கடுமையான தொற்று கூடியது. லாபமும் நஷ்டமும் ஒரே தட்டில் வருகின்றன. சிறுநீரகம் ஓரளவு நன்றாக இருப்பவருக்கு லாபம் மிகச் சொற்பம், தொற்றின் ஆபத்து மட்டும் மிச்சம். சிறுநீரகம் வேகமாகச் சரிகிறவருக்குக் கணக்கு வேறு. அதனால் 2024இன் சர்வதேச சிறுநீரக வழிகாட்டுதல், கிரியாட்டினின் 3.4ஐத் தாண்டியவர்களுக்கும், வேகமாக ஏறுகிறவர்களுக்கும், டயாலிசிஸ் தேவைப்படுகிறவர்களுக்கும், நுரையீரலில் ரத்தம் கசிந்து ஆக்சிஜன் குறைகிறவர்களுக்கும் இதை யோசிக்கலாம் என்கிறது. 'செய்யவேண்டும்' என்று அது சொல்லவில்லை.

"அம்மாவுக்கு 4.2. அதுவும் பத்து நாள்ல ஏறியிருக்கு. யோசிக்கவேண்டியவங்கதான். பயாப்ஸி எடுத்தாங்களா?"

எடுத்திருந்தார்கள். போனில் ரிப்போர்ட்டின் படம் இருந்தது. பெரிதாக்கிப் படித்தேன். பிறைகள் பாதிக்கு மேல், பெரும்பாலும் இளம் பிறைகள், தழும்பு கொஞ்சம்தான். காப்பாற்ற ஏதோ மிச்சம் இருக்கிறது. "உன் அம்மா இடத்துல என் தங்கச்சி இருந்தா நான் சரின்னு சொல்வேன். டாக்டர்கிட்ட கேளு: ரிட்டுக்சிமேப் எப்போ தொடங்குறீங்க? பிளாஸ்மா மாத்துறதுக்கு முன்னாடியா, பின்னாடியான்னு."

அது முக்கியம். வடிகட்டி கெட்டது எது, நல்லது எது என்று பார்ப்பதில்லை. ரிட்டுக்சிமேப்பும் ஒரு ஆன்டிபாடிதான். காலையில் ஏற்றி மாலையில் பிளாஸ்மாவை மாற்றினால் விலை உயர்ந்த மருந்து பைக்குள் போய்விடும். நிமோனியாவைத் தடுக்கிற நல்ல ஆன்டிபாடிகளும் அதோடு போகும். தொற்று கூடுவதன் ஒரு காரணம் அது. ரத்தம் உறையவைக்கும் புரதங்களும் போகும். எடுத்த பிளாஸ்மாவுக்கு ஈடாக ஏற்றுவது பெரும்பாலும் ஆல்புமின். அதில் உறைபுரதம் கிடையாது. நுரையீரலில் ரத்தம் கசிகிறவருக்கோ, நேற்றுத்தான் பயாப்ஸி ஊசி போட்டவருக்கோ தானமாகக் கிடைத்த பிளாஸ்மாவையும் சேர்த்து ஏற்றுவார்கள்.

"பயாப்ஸி எப்போ?"

"முந்தாநாள்."

"அப்போ ரத்த வங்கியில சொல்லிவச்சிருக்காங்களான்னு கேளு. அம்மா குரூப் பொருந்தணும்."

அவன் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான். ஒரு தடவைக்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும், வலிக்காது, குளிரும். ஒரு போர்வை கொண்டுபோ என்றேன். மெஷினுக்குள் ரத்தம் உறையாமலிருக்க சிட்ரேட் சேர்த்தால் அது ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். உதட்டைச் சுற்றியும் விரல்நுனியிலும் மரத்துப்போய் ஊசி குத்துவதுபோல இருக்கும். அம்மாக்கள் இதைச் சொல்லமாட்டார்கள். யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று பொறுத்துக்கொள்வார்கள். சொல்லச் சொல். நர்ஸ் கால்சியம் கொடுத்ததும் போய்விடும். கழுத்துக் குழாய் போட்ட இடத்தை யாரும் தொடக்கூடாது. காய்ச்சல் லேசாக அடித்தாலும் அந்த நிமிஷமே சொல்லவேண்டும், காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்கக்கூடாது.

ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தான். செருப்பு மாட்டும்போது கேட்டேன், "அம்மா வேற என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?"

"பிரஷர் மாத்திரை மட்டும்தான். ஆஸ்பத்திரில குடுக்கல, மறந்துட்டாங்கபோல. வீட்டுல இருந்து கொண்டுபோய் நானே காலைல குடுத்துட்டிருக்கேன்."

"அட்டையைக் காட்டு."

சட்டைப்பையில் வைத்திருந்தான். எனலாப்ரில். மருத்துவர்கள் மறந்திருக்கமாட்டார்கள், சிறுநீரகம் இப்படிச் சரிகிறபோது நிறுத்திவைக்கிற மாத்திரை அது. அதற்கு மேல், 'ப்ரில்' என்று முடிகிற இந்த வகை மாத்திரை உடம்பில் இருக்கும்போது ஆல்புமின் ஏற்றிப் பிளாஸ்மாவை மாற்றினால், முகம் சிவந்து ரத்த அழுத்தம் மெஷினிலேயே மளமளவென்று விழுந்துவிடும். குறைந்தது ஒருநாள் முன்பே நிறுத்தியிருக்கவேண்டும்.

"இன்னைக்குக் காலைல குடுத்தியா?"

"இல்ல டாக்டரம்மா. இப்பப் போய்த்தான் குடுக்கணும். கடைசியா நேத்துக் காலைல 8 மணிக்கு."

மணி எட்டரை. "பிளாஸ்மா எத்தனை மணிக்கு வச்சிருக்காங்க?"

"பதினோரு மணின்னாங்க."

"இப்பவே வார்டுக்குப் போன் போடு. நேத்து 8 மணிக்கு எனலாப்ரில் குடுத்தேன்னு மணியோட சொல்லு. மறைக்காத, யாரும் திட்டமாட்டாங்க. தொடங்கலாமா, தள்ளிவைக்கணுமான்னு அவங்க முடிவு பண்ணட்டும்."

வாசற்படியிலேயே நின்று எண்ணை அழுத்தினான். மறுமுனையில் நர்ஸ் எடுத்ததும் மாத்திரையின் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தான்.